பாறைக்கு ஏறிய மண்

மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் மாப்பிள்ளை பார்க்கக்கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. பையன் குள்ளமாக இருந்தால் அவன் வீட்டார் மழை பிடிக்கும்வரை காத்திருப்பார்கள். பிடித்ததும் அவனை நாலு வயல் தாண்டி நடத்திக் கூட்டி வருவார்கள். வயலுக்கு ஒரு விரற்கடை வீதம் காலடியில் களி ஏறும். பெண் வீட்டு வாசலை அடையும்போது பையன் கதவுநிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருவான். கல்யாணம் முடிந்து காலைக் கழுவியபிறகுதான் பெண்ணுக்குத் தெரியும், தான் கட்டிக்கொண்டது முக்கால் ஆளை, மீதி மண்ணை என்று. அப்படி ஏமாந்த குடும்பம் எதுவும் பிரிந்ததாகத் தகவல் இல்லை. அந்த மண் ஒட்டினால் விடாது.

இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் மலை. மழை அந்தக் கல்லைச் சர்க்கரைக் கட்டி மாதிரி கரைக்கும். என்ன, கரைத்து முடிக்க அதற்கு அவசரம் கிடையாது. கல் தண்ணீரோடு போய்விட, கரைய மாட்டேன் என்று அடம்பிடித்து மிஞ்சுகிற கசடுதான் மண். அது மேலே தங்காது. சறுக்கிச் சறுக்கிக் கீழே வந்து பள்ளத்தாக்கின் தரையில் படுத்துக்கொள்ளும். ஆகவே மேலே வெறும் எலும்பு, கீழே வெறும் சதை. காய்ந்தால் செங்கல் நிறம், நனைந்தால் ஈரல் நிறம். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, கோழிக்குஞ்சு முதல் குடை வரை எதைக் கொடுத்தாலும் விழுங்கும். முதல் மழையில் உப்பி வாயை மூடிக்கொள்ளும். ஒரு தபால்காரரின் சைக்கிள் இப்படி ஒரு வெடிப்பில் விழுந்து, சில வருஷம் கழித்து இன்னொருவர் தோட்டத்தில் மணியை மட்டும் வெளியே நீட்டியதாம். தோட்டக்காரர் அதைத் தோண்டி எடுக்கவில்லை. தண்ணீர் பாய்ச்சப் போகும்போதெல்லாம் ஒரு தடவை அடித்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட தரையில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் கடப்பாரைக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஆள் உயரக் கடப்பாரையைக் குத்தி இறக்கி, அதன் தலையில் காதை வைத்துக் கேட்பார். மண்ணுக்கு அடியில் பாறை ஒரே மட்டமாக இருக்காது. கடைவாய்ப் பற்கள் மாதிரி மேடும் குழியுமாக நிற்கும். ஓர் எட்டில் முழங்கால் ஆழத்தில் பாறை தட்டும். அடுத்த எட்டில் கடப்பாரையே முழுகும். எங்கே பல், எங்கே ஈறு என்று அவர் முளையடித்துக் காட்டுவார். பல்லின்மேல் தூண் வைத்த வீடு நிற்கும். ஈறின்மேல் வைத்த வீடு மழைக்கு மழை மூச்சு வாங்கும்.

அவர் குடியிருந்த வீடு மாமனார் கட்டியது. முழுக்க ஈறு. முன்கதவு மழைக்காலத்தில் திறக்காது, கோடையில் மூடாது. "ஊருக்கெல்லாம் பல் பார்க்கிறவர் வீட்டுல பொக்கை வாய்" என்று சுண்ணாம்புச் சூளைக்காரர் வாய்த்தபோதெல்லாம் சொல்வார். வாய்க்காதபோதும் சொல்வார்.

கடப்பாரைக்காரரின் மனைவி அந்த வீட்டின் பின்பக்கத்தில் சலவைக்கடை வைத்திருந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல் மேஜைத் துணி என்று வருவதெல்லாம் வெள்ளை. அந்த மண் வெள்ளையில் பட்டால் அழுக்கு இல்லை, சாயம். சோப்புக்கு மசியாது, வெந்நீருக்கு மசியாது, வசவுக்கும் மசியாது. வசவில் அந்த அம்மா குறை வைத்ததில்லை. பள்ளத்தாக்கில் எங்கே கொடி கட்டினாலும் சேறு தெறிக்கும் என்பதால், துவைத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிடுவார். மலையின் நெற்றியில் மொட்டையாக ஒரு வெள்ளைப்பாறை. தூறல் விட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். துணியை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்து, பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். அங்கே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அவர் யாரையும் திட்டிக் கேட்டவர் இல்லை.

நோய் முற்றிப் படுக்கையில் கிடந்தபோது அவர் புருஷனிடம் ஒன்று கேட்டார்.

"ஏங்க, என்னைக் கீழ வச்சிராதீங்க. ஆயுசு பூரா இந்த மண்ணோட மல்லுக்கட்டியாச்சு. செத்தும் அதுக்குள்ளேயே கெடக்கணுமா? மேல பாறையில வைங்க."

"சரி" என்றார் கடப்பாரைக்காரர்.

தப்பு அங்கேதான் நடந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. பாறைமேல் ஒரு பல்லியைப் புதைக்கக்கூட மண் கிடையாது என்று அவரைவிடத் தெரிந்தவர் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. அவருக்குத் தெரியும் என்பது அந்த அம்மாவுக்கும் தெரியும். "நீங்க சரின்னா சரியாத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறமும் கொஞ்ச காலம் இருந்தார். வெந்நீர் கேட்டார், மகளைக் கேட்டார். இந்தப் பேச்சை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. முடிந்துபோன காரியத்தை யார் திரும்பப் பேசுவார்கள்?

அடைமழை நடுவில் ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் வந்தாள். லாரி ஓட்டும் மச்சான், அதாவது அந்த அம்மாவின் தம்பி, பாதி வழியில் லாரி புதைந்து மீதி வழியை நடந்து வந்தான். வந்தவன் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே இடுகாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான். இடுகாடு பள்ளத்தாக்கின் நடுவில், மண் ஆழமான இடத்தில் இருந்தது.

"அத்தான், நிலைமை மோசம். குழி வெட்ட வெட்டப் பக்கச் சுவர் பிதுங்கிக்கிட்டு உள்ள வருது. மண்வெட்டியைத் திருப்பறதுக்குள்ள பாதி மூடிக்குது. பரவாயில்ல, பலகை முட்டுக் கொடுத்து எப்படியாவது முடிச்சிரலாம்."

"கீழ வைக்கல மச்சான்."

"பின்ன?"

"பாறையில."

துக்கம் கேட்க வந்திருந்த சூளைக்காரரை மச்சான் பார்த்தான். சூளைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"அத்தான், இதை இந்த அண்ணன் சொல்லியிருந்தா வெளையாட்டுன்னு விட்டிருப்பேன். நீங்க கடப்பாரைக்காரர்."

"உங்கக்கா கேட்டா. நான் சரின்னுட்டேன்."

"அக்கா கேட்டதுக்கெல்லாம் சரின்னவரா நீங்க? இந்தக் கதவைச் சரி பண்ணச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அதுக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். அப்பல்லாம் காது கேக்கல. இப்ப மட்டும் கேக்குதா?"

"மாமா, போதும்" என்றாள் மகள்.

கடப்பாரைக்காரர் மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினார். கொஞ்ச நேரம் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற மச்சான், "ஒத்தையில போய் வழுக்கி விழுந்தா அதுக்கும் நான்தான் தூக்கணும்" என்று முணுமுணுத்து, மண்வெட்டியோடு பின்னால் ஓடினான்.

கோடையாக இருந்திருந்தால் காரியம் சுலபம். மொட்டைப்பாறை என்றாலும் ஓரத்து இடுக்குகளில் அங்கங்கே பை பையாக மண் பொதிந்து கிடக்கும். வெயிலில் மற்றதெல்லாம் கருகி நிற்க, ஆழமான பையில் வேர் இறக்கிய செடி மட்டும் பச்சையாக நிற்கும். பச்சையைப் பார்த்துக் குத்த வேண்டியதுதான். ஆனால் மழைக்காலத்தில் எல்லாச் செடியும் பணக்காரச் செடி. எது பரம்பரை, எது நேற்று வந்தது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடப்பாரைக்காரர் ஒவ்வொரு புதராகக் குத்திக்கொண்டு போனார். டங். டங். மழைத்தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. டங்.

பாறையின் மேற்கு ஓரத்தில் ஒரு புதரடியில் கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கியது. அவர் காதை வைத்துக் கேட்டார். இன்னொரு தடவை குத்திக் கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் தலையை ஆட்டினார்.

இருவரும் மாறி மாறி வெட்டினார்கள். பக்கத்தில் பாறைச்சுவர் இருந்ததால் குழி பிதுங்கவில்லை. இடுப்பளவு இறங்கியதும் மச்சானுக்கே உற்சாகம் வந்துவிட்டது.

"சொல்லி அடிச்சிட்டீங்க அத்தான். அக்காவுக்குன்னே அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு."

அடி எவ்வளவு கெட்டி என்று பார்க்க, குழிக்குள் நின்றபடி கடப்பாரைக்காரர் ஒரு குத்துக் குத்தினார். கடப்பாரை அவர் கையிலிருந்து, மீன் நழுவுவதுபோல, நழுவிப் போய்விட்டது. விழுந்த சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, அடியிலிருந்து, பெரிய அண்டாவில் தண்ணீர் மொள்ளுகிற மாதிரி ஒரு முழக்கம் வந்தது. காலடி மண், புனலில் ஊற்றிய மாவு மாதிரி நடுவை நோக்கி ஓட ஆரம்பித்தது. மச்சான் அவரைச் சட்டைக் காலரில் பிடித்து இழுத்து வெளியே போட்டான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதரும் குழியும் உள்ளே போய், அந்த இடத்தில் ஒரு கறுப்பு வாய் திறந்து நின்றது.

அந்த மலைகள் உள்ளே அரித்துப்போனவை. அவர் மண்பை என்று நினைத்தது மலையின் தொண்டையை அடைத்திருந்த தக்கை. அந்தக் கடப்பாரை மலைக்கு அந்தப்பக்கம் ஓர் ஊற்றுக்கண்ணில் வெளியே வந்தது என்றும், துரு போய்ப் பளபளவென்று இருந்தது என்றும் சூளைக்காரர் பிற்பாடு சத்தியம் செய்தார். அவர் மலைக்கு அந்தப்பக்கம் போனதே இல்லை.

கடப்பாரைக்காரர் ஈரப்பாறையில் உட்கார்ந்துவிட்டார். வெறுங்கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"போதும் அத்தான்" என்றான் மச்சான். குரலில் இப்போது குத்தல் இல்லை. "நீங்க முயற்சி பண்ணிட்டீங்க. அக்கா ஒண்ணும் நினைச்சுக்காது."

"நினைச்சுக்க மாட்டா. அதான் மச்சான் கஷ்டம்."

மழை ஓய்ந்தது. அவர் எழுந்து, துணி விரிக்கிற இடத்துக்கு நடந்தார். அங்கே மழையே கரைத்துச் செதுக்கிய ஒரு தொட்டி இருந்தது. முழங்கால் ஆழம் இருக்கும்; ஒரு ஆள் படுக்கலாம். உள்ளே தண்ணீர் தேங்கி, வானம் தெரிந்தது.

"இதுல வைப்போம்."

"வச்சுட்டு? எதைப் போட்டு மூடறது? கல்லை அடுக்கினா இடுக்குல நரி மோப்பம் பிடிக்கும்."

"மண்ணு வேணும்."

"மண்ணு கீழ கெடக்கு. கூடையில அள்ளினா கூடையை விட்டு வராது. சுமையைத் தலையில வச்சு ஏறினா, ஆளும் கூடையும் ஒண்ணாக் கீழ போய் நிப்பாங்க. இந்த மலையில மண்ணு இறங்கித்தான் பழக்கம். ஏறினதா எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

கடப்பாரைக்காரர் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "முதல்ல அவளைக் கொண்டுவருவோம்" என்றார்.

அந்த அம்மாவைப் பின்வாசல் வழியாக, துவைக்கிற தொட்டிகளுக்கு நடுவே எடுக்கக்கூடாது என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். முன்கதவோ நிலைக்குள் இறுகிக் கிடந்தது. மச்சான் கீலை அறுத்தான். நாலு பேர் தோள் கொடுத்துக் கதவைப் பெயர்த்தார்கள். பெயர்த்த கதவிலேயே அந்த அம்மாவைக் கிடத்தினார்கள். வேறு பலகையும் கைவசம் இல்லை.

பள்ளத்தாக்கே திரண்டு வந்தது. அந்த அம்மாவின் வாயில் அடிபடாத வீடு அங்கே கிடையாது. ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்கள். மலைக்குப் போகிற வழி வயல்களின் நடுவே. காலை எடுத்து வைத்தால் களி கூடவே வந்தது. சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம் மட்டும் முன்னாலும் பின்னாலும் கேட்டுக்கொண்டிருந்தது. சரிவில் தோள் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். கதவு ஒரு தடவை சாய்ந்தபோது மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்து நின்றது.

மேலே போனதும் தொட்டித் தண்ணீரை இறைத்தார்கள். மகள் கல்லைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, அடியில் ஒரு வெள்ளை விரிப்பை விரித்தாள். தாயைக் கிடத்தி, மேலே இன்னொன்றைப் போர்த்தி, நர்ஸ் கையாதலால் நாலு ஓரமும் சுருக்கமில்லாமல் செருகினாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள். பிறகு ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லாரும் கடப்பாரைக்காரரைப் பார்த்தார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை வெள்ளைக் கல்.

சூளைக்காரர் கடைசியாக ஒரு தடவை கும்பிட முன்னே வந்தார். கனத்த ஆள், அவர் காலடியில் ஆளுக்கேற்ற மண். கிட்டே வந்தவர் சட்டென்று நின்றார். சேற்றுக் காலோடு அந்த அம்மாவின் அருகில் போய்ப் பேச்சு வாங்காமல் திரும்பியது அவர் வாழ்நாளில் கிடையாது. "மன்னிச்சுக்கம்மா" என்று தன்னையறியாமல் சொல்லிக்கொண்டு, தொட்டியின் விளிம்புக் கல்லில் பாதத்தை அழுத்தி வழித்தார். தலையணை கனத்துக்கு ஒரு கட்டி பெயர்ந்து, உருண்டு, வெள்ளை விரிப்பின்மேல் விழுந்தது.

சூளைக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, நான் வேணும்னு பண்ணல..."

கடப்பாரைக்காரர் அந்தக் கட்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் காலையும் வழிங்க" என்றார்.

மகள் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, இந்த மண்ணு வேண்டாம்னுதானே அம்மா..."

"கீழ வேண்டாம்னா. மேல வைங்கன்னா. அந்த ரெண்டைத்தான் சொன்னா." அவர் கண் அந்தக் கட்டியிலேயே இருந்தது. "மண்ணே வேண்டாம்னு அவ சொல்லியிருந்தா, என்கிட்ட வேற வழி இல்லம்மா."

மகள் கொஞ்ச நேரம் தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சூளைக்காரர் ஒரு காலைத் தூக்கியபடி, வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மகள் செருப்பைக் கழற்றிப் பாறையில் ஓரமாக வைத்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கி, வயலுக்குள் போய், நடுவில் நின்று மிதித்தாள். திரும்பி ஏறி வந்து, விளிம்பில் ஒரு காலை வழித்தாள். மறு காலை வழித்தாள். பிறகு மறுபடி இறங்கினாள்.

அதற்கப்புறம் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வந்து காலை வழித்துவிட்டு இறங்கினார்கள், ஏறினார்கள். மச்சான் சரிவின் அடியில் நின்று சத்தம் போட்டான். "வரப்பு மேல நடக்காதீங்க! வயலுக்குள்ள எறங்குங்க! அண்ணே, நீங்க நூறு கிலோ ஆளு, நல்லா ஊனி மிதிங்க!"

"இத்தனை நாளா என் உடம்பைக் கேலி பண்ணீங்க" என்று மூச்சு வாங்கிய சூளைக்காரர், அதை அழுதுகொண்டே சொன்னார்.

நடவு முடிந்த வயல் அது. வயல்காரர் தன் நாற்றையெல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து மிதித்தார். உலகத்தில் எந்த மலையிலும் மண் ஏறியதில்லை. அன்றைக்கு அந்த மலையில் ஏறியது. பொழுது சாய்வதற்குள் தொட்டி நிரம்பி, மேலே ஆள் நீளத்துக்கு ஒரு மேடும் எழுந்துவிட்டது. கடைசியாக வழித்தவர் கடப்பாரைக்காரர். அவருடைய பாதங்களில் வந்தது கொஞ்சம்தான். அதையும் கையால் வழித்து, தலைமாட்டில் அப்பி, தட்டிவிட்டார்.

மழைக்காலம் அதோடு முடிந்துவிடவில்லை. வாக்குக் கொடுத்த அன்று கடப்பாரைக்காரருக்கு வந்த பயம், காப்பாற்றிய பிறகு இரண்டு மடங்காகிவிட்டது. மேலே இருக்கும் மண் ஒருநாள் கீழே வரும் என்பதுதான் அந்த இடத்தின் சட்டம். பெரிய மழை பெய்த மறுநாள் காலையில் அவர் செருப்பில்லாமல் வயல் வழியாக மேலே போவார். மேட்டின் ஓரம் கரைந்திருந்தால், பாதத்தில் இருப்பதை வழித்து அணைத்துவிட்டு வருவார். புதுக் கடப்பாரை வாங்கியிருந்தார். அதை ஒருநாளும் மேலே எடுத்துப் போகவில்லை.

பிறகு கோடை வந்தது. மேடு செங்கல் நிறத்துக்கு மாறி இறுகியது. ஒரு நாள் போனபோது தலையிலிருந்து கால்வரை நீளமாக வெடித்திருந்தது. கை நுழையும் அகலம்.

பார்த்தவர்கள் மண்ணைப் போட்டு அடைக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. வெடிப்பில் மண்ணைத் திணித்தால் மழையில் உப்புவதற்கு இடம் இருக்காது. மேடே பிளந்து மலர்ந்துவிடும். அந்த மண்ணை அதன் போக்கில் விட்டால்தான் ஒன்றுசேரும். அதுவரை திறந்தே கிடக்க வேண்டும். எத்தனையோ வீட்டு வெடிப்புகளைப் பார்த்து அலட்டிக்கொள்ளாமல் யோசனை சொன்ன மனிதர், அந்தக் கோடை முழுக்க அந்த ஒற்றை வெடிப்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உள்ளே பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பூச்சி போகாமல் விரட்டினார். தனக்குத் தெரிந்த ஊர்ச் செய்திகளைச் சொல்லிப் பார்த்தார். செய்தி தீர்ந்துபோனபிறகு சும்மா இருந்தார்.

முதல் மழை ஒரு பிற்பகலில் வந்தது. சொட்டு விழுந்ததுமே வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். மூச்சிரைக்கப் பாறையை அடைந்தபோது மேடு ஈரல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மண்டியிட்டு வெடிப்பில் கையை வைத்தார். நுழைந்தது. கண்ணில் விழுந்த மழையை வழித்துக்கொண்டு மறுபடி வைத்தார். விரல்கள் மட்டும் நுழைந்தன. பெய்கிற மழையில் அப்படியே கிடந்தார். கடைசியில் ஒற்றை விரலை இரண்டு பக்கமும் வந்து பிடித்தன. கொஞ்சம் இருந்துவிட்டு உருவிக்கொண்டார்.

பின்னால் தொம் தொம் என்று கால் வைக்கும் சத்தம் கேட்டது. மச்சான். முழங்கால் வரை களி.

"என்ன அத்தான், மூடிக்கிச்சா?"

"மூடிக்கிட்டு வருது."

"நிக்குமா?"

"இந்த வருஷம் நிக்கும்."

மச்சான் ஓரமாக வந்து ஒரு காலை வழித்தான், மறு காலை வழித்தான். பிறகு அவர் பாதங்களைப் பார்த்தான். மழையில் கழுவி வெளுத்துக் கிடந்தன. அவசரத்தில் குறுக்கு வழியாகக் கல்லிலேயே ஏறி வந்திருந்தார்.

"வெறுங்காலோட வந்திருக்கீங்க. அக்கா பார்த்தா என்ன நினைக்கும்?"

கடப்பாரைக்காரர் முட்டியில் கை ஊன்றி எழுந்தார். வந்த வழியே இறங்கி, வயலுக்குப் போனார்.